தலைமைப்பண்பை அளப்பவர் யார்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து முடித்துக்கொள்வது எளிது. இந்த அரங்கத்தில் அந்த வழக்கம் இல்லை. படத்துக்கு மாலை போட்ட பிறகு, மறைந்த தோழர் இன்று இருந்திருந்தால் எதைப் பற்றிச் சண்டை போட்டிருப்பாரோ அதைப் பேசுவதுதான் இங்கே மரபு. அந்த மரபின்படி, இலக்கிய மேடைகளில் அதிகம் கேட்காத ஒரு பொருளை இந்த ஆண்டு எடுத்துக்கொள்கிறோம். ஒரு நிறுவனத்தை நடத்துகிறவருக்கு எது முக்கியம்? முறையாகப் படித்துப் பெற்ற துறையறிவா, ஆட்களை நடத்திச் செல்லும் தலைமைப்பண்பா?

இது முதலாளிமாரின் கவலை, நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர் அடுத்த ஆண்டு வளாக நேர்காணலுக்குப் போகப் போகிறவர்கள். இறுதியாண்டு மதிப்பெண் பட்டியலோடு போவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. எதிரே இருப்பவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். "எல்லாம் சரி, லீடர்ஷிப் குவாலிட்டி தெரியவில்லையே" என்ற குறிப்போடு அந்த விண்ணப்பம் திரும்பும். அந்தக் குறிப்பை மாணவர் கண்ணில் காட்டவும் மாட்டார்கள். ஆகவே இது நம் வீட்டுக் கேள்விதான்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் பழமொழி. வணிக இதழ்களும் ஆளுமைப் பயிற்சி முகாம்களும் இன்று சொல்வது இதே பழமொழிக்குக் கோட்டும் டையும் மாட்டிய வடிவம். பட்டம் வாசல்வரை கொண்டுவந்து விடும், மாடி ஏறுவதற்கு வேறு குணங்கள் வேண்டும் என்கிறார்கள். பழமொழி பொய்யில்லை. ஆனால் யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஏட்டைப் பரணில் வைத்திருந்த வீட்டுக்காரர் தன் பிள்ளையிடம் இதைச் சொன்னால் அது அறிவுரை. ஏட்டைத் தொடவே விடாமல் வைக்கப்பட்டிருந்த தெருவின் முதல் பட்டதாரியிடம், அவள் பட்டத்தைக் கையில் வாங்கிய மறுநாளே சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

முதலில் பழமொழியின் பக்கமுள்ள நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று ஒரு கடிதம் எழுதினார். கணக்குப் புத்தகத்தில் காட்டப்பட்ட பணம் இல்லை, ஆண்டுக்கணக்காகப் பொய்க்கணக்கு எழுதப்பட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் விவகாரம். அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் யார் யார் இருந்தார்கள்? அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற மேலாண்மைப் பள்ளி ஒன்றின் பேராசிரியர் இருந்தார். நம் நாட்டின் முதன்மையான வணிகக் கல்லூரி ஒன்றின் தலைவர் இருந்தார். உலகறிந்த கணினிச் சில்லு வல்லுநர் ஒருவரும் இருந்தார். மோசடி செய்தவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் அத்தனை படிப்பும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தும், கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பு தலைவரின் குடும்பத்தார் நடத்திய இரண்டு நிறுவனங்களைப் பெரும் பணம் கொடுத்து வாங்குவதற்கு அந்த மேசை சம்மதம் தந்தது. வெளியே பங்குதாரர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த அறையில் குறைந்திருந்தது படிப்பு அல்ல, "இது என்ன கணக்கு?" என்று கேட்டு, பதில் வரும்வரை எழுந்திருக்காமல் இருக்கும் பிடிவாதம்.

மறுபக்கத்தைப் பார்ப்பதற்கு ஐதராபாத்வரை போக வேண்டியதில்லை. 2015 ஜனவரி இறுதியில், ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் கழிவுச்சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இத்தகைய பொது நிலையங்களை நடத்துவது தொழிற்சாலை உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து அமைக்கும் நிறுவனங்கள்தான். உரிமையாளர்களிடம் ஊக்கமூட்டும் பேச்சுக்கோ, ஆட்களை வேலை வாங்கும் திறமைக்கோ பஞ்சம் இருப்பதில்லை. ஆனால் இத்தனை அடி சேற்றை இந்தச் சுவர் தாங்குமா என்ற கேள்விக்குத் தலைமைப்பண்பு பதில் சொல்லாது. கட்டடப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், அவர் சொன்னதை நடத்துகிறவர் கேட்க வேண்டும். துறையறிவை இழிவாகப் பேசும் ஒவ்வொரு பயிற்சி முகாமிலும் இந்தப் பத்துப் பேரை நினைத்துக்கொள்கிறோம். நிர்வாகியின் அறியாமைக்கு நிர்வாகி உயிரைக் கொடுப்பதில்லை. மலக்குழியில் இறங்குகிறவரும் சேற்றுத் தொட்டியின் அடியில் படுத்துத் தூங்குகிறவரும்தான் கொடுக்கிறார்கள். ஆகவே நமக்கு நிபுணர்களும் வேண்டும், நிபுணர் சொல்வதற்குக் காதுகொடுக்கும் நிர்வாகிகளும் வேண்டும்.

இவ்வளவோடு 'இரண்டும் வேண்டும்' என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கிவிடலாம். பட்டிமன்ற நடுவர்கள் அப்படித்தான் இறங்குவார்கள். நம்முடைய சிக்கல் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. துறையறிவு, தலைமைப்பண்பு என்று இரண்டு படிக்கற்கள் இருக்கின்றன. எந்தக் கல்லை எப்போது தராசில் வைப்பது என்று முடிவு செய்கிறவர் யார்?

தோலையே எடுத்துக்கொள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல் பக்கத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குழியில் கிடக்கும் தோலைக் கையால் தடவிப் பார்த்து, மயிர் கழலும் பதம் வந்துவிட்டதா என்று சொன்னவர்கள் நம் முப்பாட்டன்மார். ஆவாரம்பட்டை எத்தனை நாள், கடுக்காய் எப்போது, எந்தப் பருவத்தில் குழி சூடாகும், எந்த மாட்டுத் தோல் எந்த இடத்தில் மெலிந்திருக்கும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். மதராசிலிருந்து கப்பலேறிய பதனிட்ட தோல் அந்தக் கைகளின் வழியாகத்தான் போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி மதராசில் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையைப் பரப்பினார். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அங்கே இருந்த குரோம் தோல் நிறுவனத்தால்தான். 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. தோல் தொழில்நுட்பம் பல்கலைக்கழகப் பட்டமாக ஆயிற்று.

அறிவியல் வளர்ந்ததில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. குரோம் வேதியியலைக் குழியைத் தடவிப் பார்த்துக் கற்க முடியாது. நாம் கவனிப்பது வேறு. அறிவு கையில் இருந்தவரை அதற்குப் பெயர் கூலி, தீட்டு, நாற்றம். அதே அறிவு தாளுக்கு ஏறிய அன்று தொழில்நுட்பம் ஆயிற்று, மரியாதை வந்தது. தோலைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்றிருந்த வீடுகளிலிருந்தும் அதைப் படிக்க ஆள் வந்தார்கள். அப்போது சொல்லப்பட்ட நியாயம் என்ன தெரியுமா? அனுபவம் போதாது, முறையான படிப்பு வேண்டும் என்பது. கொத்தனார், கருமார், தச்சர் என்று கைவேலைச் சாதிகள் எல்லாருக்குமே இது நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து 2019இல் அஜந்தா சுப்ரமணியன் வெளியிட்ட நூல், பொறியியல் என்பது கையை விட்டுத் தாளுக்குப் போனபோது யாருடைய உடைமை ஆயிற்று என்று விரிவாகப் பேசுகிறது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

சரி, தாள்தான் வேண்டும் என்றீர்கள், நாங்களும் தாளோடு வருகிறோம் என்று அம்பேத்கரின் பிள்ளைகள் இட ஒதுக்கீட்டின் வழியே பட்டத்தோடு வந்து நின்றார்கள். இப்போது, தாள் போதாது, ஆளுமை வேண்டும் என்கிறார்கள். ஒரு தேர்வுத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவரின் பெயர் தெரியாது. ஆளுமையைத் திருத்துகிறவருக்குப் பெயர் தெரியும், ஊர் தெரியும், உச்சரிப்பு காதில் விழும், சட்டையின் விலையும் தெரியும்.

இதைப் புலம்பல் என்று சொல்கிறவர்களுக்கு எண்களையே காட்டலாம். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இருவரும் ஒரு சோதனை செய்து, 2007இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அஞ்சலில் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒத்தவை. பெயர் மட்டும் வேறு. சில பெயர்கள் பார்த்தவுடன் உயர்சாதி இந்து என்று தெரிபவை, சில தலித் பெயர்கள், சில முஸ்லிம் பெயர்கள். நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்று கணக்கு வந்தது. இது நேர்காணலுக்கு முந்தைய கட்டம் என்பதைக் கவனியுங்கள். கை குலுக்கவில்லை, பேசவில்லை, தலைமைப்பண்பு இருக்கிறதா என்று பார்க்க ஆளே எதிரில் வரவில்லை.

அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பக்கத்துப் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். எல்லாரும் தகுதி, திறமை என்றுதான் தொடங்கினார்கள். சாதி பார்ப்பதில்லை என்றும் சொன்னார்கள். ஆனால் நேர்காணலில் என்ன கேட்பீர்கள் என்றால், குடும்பப் பின்னணி கேட்போம் என்றார்கள். அப்பா என்ன செய்கிறார், வீட்டில் யார் படித்தவர்கள், எந்த ஊர். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நல்ல பண்பு வரும் என்ற நம்பிக்கை. ஆக, தலைமைப்பண்பு என்பது கடைசியில் அப்பாவின் உத்தியோகத்தில் வந்து நிற்கிறது. வர்ணம் என்ற பழைய சரக்கு மனிதவளத் துறையின் புதுப் பெட்டியில் வருகிறது என்று நாம் சொன்னால் கோபப்படுகிறார்கள்.

இந்த வடிகட்டலின் முடிவில் மேலே யார் மிஞ்சுகிறார்கள் என்றும் ஓர் ஆய்வு உண்டு. இந்தியாவின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் 2010இல் இருந்த 9,000க்கும் மேற்பட்டவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து 2012இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு. ஒரு நாட்டின் தலைமைப்பண்பு முழுவதும் இரண்டு மூன்று சாதிகளின் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது என்று நம்ப முடிந்தவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

அரசாங்கத்திலும் இந்தக் காற்று வீசுகிறது. 2024 ஆகஸ்டில் இணைச் செயலாளர், இயக்குநர் போன்ற 45 பதவிகளுக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுக்க மத்தியத் தேர்வாணையம் விளம்பரம் செய்தது. இட ஒதுக்கீடு எங்கே என்ற கேள்வி எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதை விளம்பரத்தின் முடிவு என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணத்தின் முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கே அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத இரண்டு இடங்களைத் தொட வேண்டும். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, லண்டனிலும் கொஞ்ச காலம் படித்து 1917இல் திரும்பிவந்தவர் அவர். பரோடாவில் அவருக்கு நேர்ந்த அவமானம் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பம்பாயில் பங்கு முதலீடு பற்றி வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொழிலை அவர் தொடங்கினார். அன்றைய பம்பாயில் அந்தப் பாடத்தை அவரைவிட முறையாகப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் ஆலோசகர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தொழில் மூடப்பட்டது. 1918இல் சிடனாம் வணிகக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். துறையறிவு மட்டும் ஒருவரைக் காப்பாற்றும் என்று நினைக்கிற மாணவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு இடம் 1942 முதல் 1946 வரை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அந்தத் துறைக்குள் வந்தன. தாமோதர் ஆற்றுத் திட்டம் அவர் காலத்தில்தான் உருக்கொண்டது. அவர் அணை கட்டத் தெரிந்தவர் அல்லர். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தில் வேலை பார்த்த வூர்டுயின் என்ற பொறியாளர் வரவழைக்கப்பட்டார். அவர் முன்வைத்த வரைவிலிருந்து திட்டம் வளர்ந்தது. வெள்ளத்தைத் தடுப்பது மட்டும் போதாது. பாசனமும் மின்சாரமும் படகுப் போக்குவரத்தும் ஒன்றாக வர வேண்டும். அணைக்கு நிலம் இழக்கும் மக்களுக்கு அதில் பங்கு வேண்டும் என்பது துறைத் தலைவராக அம்பேத்கர் வைத்த நிபந்தனை. பொறியாளரிடம் பொறியியலை விட்டுவிட்டார். யாருக்காக, எதற்காக என்பதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். நாம் தலைமை என்று சொல்வது இதைத்தான். அந்தத் தலைமைக்கு அடியில் அவருடைய பொருளாதாரப் படிப்பு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

படிப்பே இல்லாதவர்களால் முடியாதா என்ற கேள்வி உடனே வரும். முடியும். அதற்கு மும்பை குர்லாவின் கமானி டியூப்ஸ் கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இது மேடைகளில் பாதியாகத்தான் சொல்லப்படுகிறது.

செம்பு, பித்தளைக் குழாய் செய்யும் ஆலை அது. ராம்ஜிபாய் கமானி தொடங்கியது. அவருக்குப் பின் குடும்பத்துக்குள் சண்டை, கடன், 1980களின் நடுவில் ஆலை நின்றுபோனது. தொழிலாளர் சங்கம், ஆலையை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று முன்வந்தது. 1988இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. தொழிலாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஓர் ஆலைக்கு உரிமையாளர் ஆனது இந்தியாவில் பெரிய செய்தி. தொடக்க ஆண்டுகளில் ஆலை ஓடவும் செய்தது. பிறகு நடைமுறை மூலதனம் இல்லை, கடன் ஏறியது, சங்கம் இரண்டாயிற்று, வழக்கு மேல் வழக்கு. 'கூலிக்காரர்களுக்கு நிர்வாகம் தெரியுமா?' என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு இது வசதியான கதை. அந்த ஏளனத்தை நாம் ஏற்கவில்லை. படித்த முதலாளிக் குடும்பம் மூடிய ஆலையைத் திறந்து ஓட்டிக் காட்டியவர்கள் அவர்கள். குழாய் இழுக்கத் தெரிந்தது. வங்கியோடு பேசவும், மூலதனம் திரட்டவும், இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கவும் தெரிந்த ஆட்கள் அவர்களுக்குள் போதுமான அளவு இல்லை. அந்த அறிவை யாரும் அவர்கள் பக்கத்தில் வரவிட்டதும் இல்லை.

அந்தத் தொழிலாளர்கள்தான் கடைசியில் கல்பனா சரோஜைத் தேடிப் போனார்கள். விதர்ப்பாவின் அகோலா மாவட்டத்தில் ஒரு தலித் காவலரின் மகள். 12 வயதில் கல்யாணம், மும்பைக் குடிசையில் கொடுமை, தந்தை மீட்டுக்கொண்டு வந்தார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. மறுபடி மும்பைக்கு வந்து பின்னலாடைப் பட்டறையில் நாளுக்கு 2 ரூபாய்க்கு வேலை. மகாத்மா புலே பெயரிலான அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாய் கடன் வாங்கி மரச்சாமான் கடை. பிறகு கல்யாணில் வழக்கில் சிக்கிக் கிடந்த ஒரு மனையை வாங்கி, வழக்கைத் தீர்த்து, கட்டடம் எழுப்பினார். கமானிக்கு வந்தபோது அவருக்குச் செம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆலையின் தலையில் 116 கோடி ரூபாய் கடனும் 140 வழக்குகளும் இருந்தன.

2000இல் பொறுப்பேற்றதும் அவர் முதலில் செய்தது நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. வங்கி, சட்டம், தொழில் என்று ஒவ்வொன்றிலும் தேர்ந்த ஆட்களை உட்காரவைத்தார். அபராத வட்டியைத் தள்ளுபடி செய்யுங்கள், ஆலையை ஏலம் விட்டால் உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது என்று நிதி அமைச்சர்வரை போய் வாதாடினார். 2006இல் நீதிமன்றத்தின் வழியே உரிமை அவர் கைக்கு வந்தது. வங்கிக் கடனை அடைக்க 7 ஆண்டு, தொழிலாளர் நிலுவையை அடைக்க 3 ஆண்டு என்று தவணை கிடைத்தும், முன்னதை ஓராண்டிலும் பின்னதை 3 மாதத்திலும் அடைத்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உற்பத்தி தானே மாவட்டத்தின் வாடாவுக்கு மாற்றப்பட்டது. 2013இல் பத்மஸ்ரீ.

பாதிக் கதை சொல்கிறவர்கள் இங்கே கைதட்டி, 'பார்த்தீர்களா, படிப்பும் வேண்டாம், இட ஒதுக்கீடும் வேண்டாம், மனவுறுதி போதும்' என்று முடிப்பார்கள். அந்த 50,000 ரூபாய் அரசுக் கடன் பிற்படுத்தப்பட்டோருக்கான திட்டத்தில் வந்தது என்பது அவர்கள் வாயில் வராது. நிபுணர் குழுவும் வராது. கல்பனா சரோஜுக்குத் தெரிந்திருந்தவற்றைப் பாருங்கள். கடன்காரன் வாசலில் நின்றால் எப்படிப் பேசுவது, வழக்குள்ள சொத்தை எப்படி அவிழ்ப்பது, சம்பளம் வராத வீட்டில் அடுப்பு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவர் வாழ்ந்து கற்றவை. எந்தக் கல்லூரியும் இதற்குப் பட்டம் தருவதில்லை என்பதால் இது அறிவு ஆகாமல் போய்விடாது. தனக்குத் தெரியாததற்குத் தெரிந்தவரை அழைத்ததும், தொழிலாளர் நிலுவையை வங்கியைவிட முன்னால் தீர்த்ததும் அந்த அறிவிலிருந்து வந்தவை. அவர் எந்த நிறுவனத்தின் நேர்காணல் அறைக்குள் போயிருந்தாலும் தலைமைப்பண்பு இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள்.

நம்மவரில் தொழில் நடத்தத் தெரிந்தவர்கள் நேற்று முளைத்தவர்களும் அல்லர். சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போய் வணிகத்தில் உயர்ந்த பெ. மா. மதுரைப்பிள்ளையைப் பற்றிப் புலவர்கள் பாடிய பாடல்கள் 'மதுரைப் பிரபந்தம்' என்ற தொகுப்பாகவே வந்திருக்கின்றன. இலக்கிய அரங்கம் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம். வணிகர் என்றால் நம் எழுத்தில் ஒரு வில்லன் மட்டும்தான் வருகிறார். மதுரைப்பிள்ளையைப் பற்றி நம்மில் ஒருவரும் இன்னும் நாவல் எழுதவில்லையே என்ற ஆதங்கமும் உண்டு.

ஆகவே நம் நிலையைத் திறந்து சொல்கிறோம். நிறுவனத்தை நடத்துகிறவருக்குத் தலைமைப்பண்பு பெரிது என்பதை, வேலையையும் வேலை செய்கிறவரையும் அறிந்து பொறுப்பேற்பது என்ற பொருளில், நாம் மறுக்கவில்லை. சொல்லப்போனால் அந்தப் பண்பு சேரியில் குறைவாக இல்லை. மகளிர் குழுக்களில் வாரா வாரம் கணக்கு முடித்து, தவணை கட்டாதவள் வீட்டுக்குப் போய் காரணம் விசாரித்து, வங்கி மேலாளரிடம் வாதாடும் பெண்கள் இந்த அரங்கிலேயே சுவரோரம் நிற்கிறார்கள். ஆனால் அந்தப் பண்பை இன்று அளப்பவரின் கையில் இருக்கும் கோலை நாம் நம்பவில்லை. அந்தக் கோல் எழுத்தில் வரும்வரை, எதைப் பார்த்து எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று கேட்டால் காட்டும் நிலை வரும்வரை, நம் பிள்ளைகள் பட்டத்தைக் கைவிடக் கூடாது. கணக்கியல், தொழிலாளர் சட்டம், பாதுகாப்புப் பொறியியல் எதுவானாலும் முழுமையாகப் படியுங்கள். உங்களிடம் இருப்பவற்றில் எதிராளி அழிக்க முடியாதது அந்தத் தாள் ஒன்றுதான்.

கோலை எழுத்தில் கொண்டுவருவது நடக்காத காரியமும் அல்ல. காஷ்மீரின் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கு 1981ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்று மதிப்பெண் வைத்திருந்தார்கள். நேர்காணல் இரண்டு மூன்று நிமிடம்தான் நடந்தது, பெற்றோர் யார், எங்கே குடியிருப்பு என்பது போன்ற கேள்விகள்தான் வந்தன என்று மாணவர்கள் முறையிட்டார்கள். நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது உச்ச நீதிமன்றம். நேர்காணலை ஒலிப்பதிவு செய்து வைத்தால் நல்லது என்றும் சொன்னது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலே எடுக்கப்பட்டுவிட்டது. நேர்காணல் இல்லாததால் அரசு அலுவலகம் எதுவும் இடிந்து விழவில்லை. அஜய் ஹாசியா தீர்ப்பு ஒரு கல்லூரிச் சேர்க்கைக்குச் சொன்னது; தனியார் நிறுவனத்தின் வாசலுக்குள் இத்தகைய அளவு எதுவும் இன்னும் போகவில்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்கும் நம் மனுக்களில் இந்த ஒரு கோரிக்கையையும் சேர்க்க வேண்டும்: நேர்காணலுக்கு எத்தனை மதிப்பெண், எந்தெந்தத் தகுதிக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நேர்காணலைப் பதிவு செய்ய வேண்டும்.

இதற்கு வெறும் கோஷம் போதாது, சான்று வேண்டும். இந்த ஆண்டு வளாக நேர்காணலுக்குப் போகும் மாணவர்கள் அறையைவிட்டு வெளியே வந்ததும், அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கேட்கப்பட்ட கேள்விகளை வரிசையாக எழுதிவிடுங்கள். எத்தனை நிமிடம், பாடத்தில் எத்தனை கேள்வி, வீட்டைப் பற்றி எத்தனை கேள்வி, தேதி, இடம். வேலை கிடைத்தவர்களும் எழுதுங்கள். கிடைக்காதவர்கள் மட்டும் எழுதினால் அதற்கு மதிப்பு இருக்காது. அரங்கத்தின் வாயிலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், பெயர் எழுத வேண்டியதில்லை. போன ஆண்டு நேர்காணலுக்குப் போய்வந்தவர்கள் இந்த அரங்கில் இருந்தால், தேநீர் இடைவேளையில் நீங்களே தொடங்கிவையுங்கள்.